ஏற்றத்தில் ஒரு துரத்தல்

"இன்னும் அழுத்துங்க!" என்றாள் வெர்னா.

"முழுசா அழுத்தியாச்சு. முந்நூறு குதிரைத்திறன் எஞ்சின், இதுக்கு மேல இழுக்காது" என்றார் லோவெல்.

கொலராடோ மலையேற்றத்தில், படுக்கையும் சமையலறையும் உள்ள அவருடைய வீட்டு வண்டி முக்கி முனகியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஒரு கேலன் டீசலுக்கு எட்டு மைல் எடுப்பதில் பெருமைப்படுகிறவர் அவர். இன்று நாலுகூடத் தேறாது.

முன்னால், முகாமில் பழக்கமான ஆர்விலின் ரயில் பெட்டி நீளமுள்ள, அறுநூறு குதிரைத்திறன் வீட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. லோவெல் ஹாரன் அடிக்க அடிக்க அது இன்னும் வேகமெடுத்தது.

"நாம பந்தயத்துக்குக் கூப்பிடுறோம்னு நினைச்சுட்டான்."

"உச்சியில ரோடு ரெண்டாப் பிரியுது. அதுக்குள்ள பிடிச்சாகணும். டீசலைப் பாக்காதீங்க!" என்றாள் வெர்னா.

எஞ்சின் போய்விடுமோ என்று லோவெலுக்குப் பயம். ஆனாலும் காலை எடுக்கவில்லை.

உச்சிக்குச் சற்று முன்னால், மரம் ஏற்றிய லாரி ஒன்று ஆர்விலை மறித்தது. லோவெல் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய், கையைக் காட்டி ஓரங்கட்ட வைத்தார்.

ஆர்வில் சிரித்துக்கொண்டே இறங்கினார். "இந்த நோஞ்சான் எஞ்சினை வச்சுக்கிட்டு என்னையா துரத்துறே?"

"யோவ், கொஞ்சம் இங்க வா..."

"உஷ், மெதுவாப் பேசு! என் பொண்டாட்டி பின்னாடி தூங்குறா. முழிச்சிருந்தா இப்படி ஓட்ட விடுவாளா? டீசல், டீசல்னு உயிரை எடுத்துடுவா."

லோவெலின் வண்டிக் கதவு திறந்தது.

"டீசல் போட்ட இடத்துல, பாத்ரூம் போன என்னை விட்டுட்டு வந்துட்டீங்க. என் போன்கூட உங்க வண்டியிலதான் கிடக்கு" என்றபடி இறங்கினாள் வெர்னா.