இரண்டு பைகள்

அண்ணி எதையோ தன் கைப்பைக்குள் திணிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

அப்பாவின் துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்தது அது. துண்டில் சுற்றியிருந்தது. அவள் வார்டுக்குள் நுழைந்ததும் அண்ணி அவசரமாக ஜிப்பை இழுத்து மூடிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி அது?”

“ஒண்ணுமில்ல பாப்பா. பழைய துணி.”

துணி எங்கேயாவது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுமா? அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அவள் வாக்கப்பட்டது வெளியூரில். அப்பா இருப்பது அண்ணன் வீட்டில். மாசம் பிறந்தால் அப்பாவுக்கு ஒரு பார்சல் அனுப்பிவிடுவாள். கால் உறை, பிஸ்கட், முட்டிக்கு இது அது என்று ஏதாவது இருக்கும். மனுஷன் நல்லாத்தான் இருந்தார். திடீரென்று வயிற்றுப்போக்கு என்றார்கள். அடுத்து சிறுநீர் போகவில்லை என்றார்கள். கிட்னிக்குத் திடீரென்று அடி விழுந்திருக்கிறது என்று கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள்.

வயிற்றுப்போக்கு யாருக்குத்தான் வரவில்லை? எல்லாருக்குமா கிட்னி நின்றுபோகிறது? ஆக்கிப் போடுகிறவள் அண்ணி. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் என்ன நடந்துவிடும்?

அப்பா கண்ணைத் திறக்காமலே “தண்ணி” என்றார்.

அண்ணி பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவ்வளவுதான்.

“ஒரு வாய் கொடுத்தா என்ன அண்ணி, குறைஞ்சா போயிடும்?”

“நாங்கதான் அளந்து கொடுக்கச் சொன்னோம்,” என்றாள் நர்ஸ். கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “வெளிய போகாம உள்ள மட்டும் ஊத்திக்கிட்டே இருந்தா நுரையீரல்ல போய் நிக்கும். இந்தப் பை ரொம்பட்டும், அப்புறம் தாராளமாக் கொடுக்கலாம். என் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்ல.”

“அளந்து கொடுக்கறதுக்கு எங்க அண்ணிக்குச் சொல்லித் தரணுமா என்ன.”

அண்ணி காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. ஆனாலும் அண்ணி பஞ்சை மறுபடி நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள். அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் இடித்தது.

அப்போது ஆராய்ச்சி செய்கிற டாக்டர் வந்தாள். சின்ன வயசுதான், ஆனால் கேள்விக்குக் குறைச்சலில்லை.

“கிட்னி அடிபட்டா ரத்தப் பரிசோதனை தாமதமாத்தான் காட்டும். சிறுநீரை வச்சு முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னு நாங்க பார்க்கிறோம். அதுக்கு இவர் வீட்டுல என்னென்ன சாப்பிட்டார்னு ஒளிக்காமச் சொல்லணும். இவரைக் குணப்படுத்தவும் அதுதான் முக்கியம்.”

‘ஒளிக்காம’ என்றபோது அண்ணியின் கை பையை இறுக்கிப் பிடித்ததை அவள் கவனித்தாள்.

“பாப்பா, வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க. போய் ஒரு காபி குடிச்சிட்டு வாயேன்.”

விரட்டுகிறாள். அவளும் போவதுபோல் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அதே கிலுகிலு. பிறகு தணிந்த குரலில் அண்ணி:

“எல்லாம் நான்தான் டாக்டர் வாங்கிக் கொடுத்தேன். யாரையும் கேட்டுக்கல.”

“படிச்சவங்கதானே நீங்க? வயித்துப்போக்குல உடம்பே வத்திக் கிடக்கு. அப்பவும் இதை நிறுத்தலைன்னா கிட்னி எப்படித் தாங்கும்? இதுதான் அடிச்சிருக்கு.”

“தப்புதான் டாக்டர்.”

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்னத்தக் கொடுத்தீங்க எங்கப்பாவுக்கு?”

டாக்டர் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். பை அதற்குள் மூடியிருந்தது.

“ஏதோ மாத்திரை பாப்பா. விவரம் தெரியாம வாங்கிட்டேன். இனிமே வாங்க மாட்டேன்.”

“விவரம் தெரியாம. உங்களைப் பெத்தவரா இருந்தா விவரமெல்லாம் தெரிஞ்சிருக்கும்.”

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நிறுத்திட்டீங்க இல்ல, மீண்டு வந்துடுவார்னு நம்புவோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அண்ணி ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு அலசப் போய்விட்டாள். கைப்பையும் கூடவே போனது.

அவள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, உன் பொண்டாட்டி தன் வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. டாக்டர் சாட்சி. அப்பா எழுந்ததும் நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இனிமே அவங்க கையால ஒரு வாய் சோறு அவர் சாப்பிடக் கூடாது.”

அண்ணன் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.

“பை நிரம்ப ஆரம்பிச்சிடுச்சு,” என்றாள் நர்ஸ், தன் வீட்டு ஆளுக்கே குணமானதுபோல் சிரித்துக்கொண்டு.

அப்பா மெதுவாகக் கண் திறந்தார். மகளை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பா, முட்டி வலி உயிர் போகுதும்மா. நீ பார்சல்ல அனுப்புவியே ஒரு மாத்திரை டப்பா, அதை உங்க அண்ணி எடுத்து ஒளிச்சு வச்சுட்டா. ‘பாப்பாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க மாமா, தாங்க மாட்டா’ங்கிறா. ஏன்னுதான் தெரியல.”