அகழிக்குள் ஆட்டம்

ஹாமோவின் அகழிக்குள் ஊரே இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தது.

பிரபுக்களைப் போல வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஆசை ஆசையாய் வெட்டிய அகழி. ஓடையை எத்தனை தரம் திறந்துவிட்டாலும் விடிவதற்குள் மண் குடித்துவிடும். மிச்சம் சேறுதான்.

விடிந்தால் புனித யோவான் திருநாள். அண்ணன் தர்ஸ்டன் விருந்துக்கு வருகிறான். அவன் வீட்டு அகழியில் கெண்டை துள்ளுகிறது. "தண்ணி நின்னா சொல்லியனுப்புடா" என்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சிரித்தவன். நின்றுவிட்டது என்று ஹாமோ வீறாப்பாய்ச் சொல்லியனுப்பியிருந்தான்.

இந்த லட்சணத்தில், திருநாள் ஆட்டத்தை இந்தக் குழிக்குள் வைக்கலாம் என்று ஊரை அழைத்தவள் அவன் மனைவி அவிஸ்தான். பார்லிக் கள்ளும் அவளே காய்ச்சியிருந்தாள்.

ஹாமோ கரைமேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தண்ணிதான் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு உங்க அகழில!" என்று கத்தினான் கொல்லன் ஆஸ்பெர்ட்.

அவிஸ் பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, வெறுங்காலோடு முன்னால் ஆடினாள். குழலூதுகிறவனை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. அவன் நகர நகர, கூட்டமும் பின்னாலேயே நகர்ந்தது.

"அடுப்படிப் பக்கத்து மூலையில யாரும் ஆடவே இல்லையே! அங்க வந்து ஊதுய்யா!"

போதாததற்கு மாடுகளையும் ஓட்டிவந்து உள்ளே விட்டாள்.

"ஊரு சிரிக்கறது பத்தலன்னு மாடும் சிரிக்கணுமாடி?"

"நீங்களும் எறங்குங்க. நல்ல கனமான ஆளு."

ஹாமோ கோபத்தோடு இறங்கினான். கோபத்தோடே மிதி மிதியென்று மிதித்தான். மூன்றாம் குவளைக்கு மேல் எதற்குக் கோபம் என்பது மறந்துபோயிற்று.

பொழுது சாய்ந்து எல்லாரும் கரையேறியதும், அவிஸ் போய் ஓடை மடையைத் திறந்தாள்.

மறுநாள் தர்ஸ்டன் வந்தபோது அகழி தளும்பிக்கொண்டிருந்தது. வாத்துகள் கூட நீந்தின.

"அட, நிக்குதேடா!"

"நம்ம மண்ணு அப்படிண்ணே" என்று ஹாமோ நெஞ்சை நிமிர்த்தினான்.

அவிஸ் படியில் உட்கார்ந்து, குதிகால் வெடிப்பில் ஏறியிருந்த களிமண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா மடத்துத் துறவிகளுக்கு மீன்குளம் வெட்டியவர். தண்ணீர் விடுமுன், மண் இறுகட்டும் என்று அவளையும் மாடுகளையும் மூலை முடுக்கெல்லாம் மிதிக்கவிடுவார்.

அங்கே குழல்தான் இருந்ததில்லை.