சங்கிலிக்கு மேலே

"சங்கிலியைத் தொட்ட நிமிஷத்துலேர்ந்து யாரும் யாரையும் 'நீங்க'ன்னு கூப்பிடக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றார் நில அளவை அலுவலக இயக்குநர் விக்டோரின் ஹுடாக், மலைப்பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலியைக் காட்டி. "விழப்போறவனுக்கு மரியாதை குடுத்துட்டு நிக்க முடியாது."

"அப்போ ஏறு, விக்டோரின். வழிய மறைச்சுக்கிட்டு நிக்காதே," என்றான் கமில். அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதமே ஆனவன்.

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர்தான் அதிகம் சிரித்தார்.

ஆல்பின் சிரிக்கவில்லை. இந்த நிமிடத்துக்காகத்தான் அவன் வந்திருந்தான். ஏழு வருடங்களாக அவன் மேசைக்கு எதிர் மேசையில் ஒட்டிலியா. ஏழு வருடங்களும் "நீங்க"தான். அவர்கள் ஊர் வழக்கப்படி அதை மாற்றும் உரிமை பெண்ணுக்கு. ஆணாகப் போய்க் கேட்பது அழகில்லை. அவளாக ஒரு நாளும் மாற்றவில்லை.

இப்போது கோஷிட்சே நகர அலுவலகத்தில் ஓர் இடம் காலி. போவதா வேண்டாமா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும். ரோஹாச் மலைமுகட்டில் வரிசையாக ஐந்து சிகரங்கள். ஐந்தும் முடிவதற்குள் அவள் ஒரே ஒரு தடவை "நீ" என்று சொன்னால் இங்கேயே இருந்துவிடுவது. இல்லையென்றால் கோஷிட்சே. இரண்டு வாரமாக மனதுக்குள் பேசிப் பேசி எடுத்த முடிவு.

முதல் சிகரத்தின் பாறை கத்தி விளிம்பு போல இருந்தது. குதிரைமேல் உட்காருவதுபோல இரு பக்கமும் காலைப் போட்டு நகர்ந்தார்கள்.

"கமில், நீ இடது காலை முதல்ல எடு," என்றாள் ஒட்டிலியா. "விக்டோரின், உன் பை சங்கிலியில மாட்டியிருக்கு பாரு."

பிறகு திரும்பினாள். "ஆல்பின், நீங்க பாத்து வாங்க."

காற்றில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த சிகரத்துக்குப் பெயரே அழுமூஞ்சி. "எவன் வெச்சான் இந்தப் பேரை?" என்றான் கமில்.

"நீ ஏறி வர்றதைப் பார்த்தவனா இருக்கும்," என்றாள் அவள்.

உச்சியில் ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் நறுக்கிச் சாப்பிட்டார்கள். ஆல்பின் தண்ணீர்ப் புட்டியின் மூடியை இரண்டு தடவை திறந்து மூடினான். பிறகு, "நீ குடிக்கிறியா?" என்று நீட்டினான். சொல்லும்போது குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"வேண்டாம். நீங்க குடிங்க."

முந்தின நாள்வரை 'நீங்க' என்று அழைத்த கமிலுக்கு "நீ". இயக்குநருக்கே "நீ". எதிரே கயிறு சுற்றிக்கொண்டு வந்த போலந்துக்காரனுக்குக்கூட, "நீ முதல்ல கடந்து போ." அவனுக்கு மட்டும் ஏன்? போன மாதம் அவள் வரைபடத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினானே, அதனாலா? நாற்பத்தொன்று என்பது அவ்வளவு வயதா? மனதில் இருப்பதைத் தெரிந்துகொண்டு தள்ளி வைக்கிறாளா? யோசிக்க யோசிக்க எல்லாமே காரணம்போலத் தோன்றியது. எதுவும் பொருந்தவும் இல்லை.

அந்த யோசனையில்தான் மூன்றாவது சிகரத்தின் இறக்கத்தில் கால் வழுக்கியது. கீழே சரளைக்கற்கள் உருண்டு வெகுநேரம் சத்தம் கேட்டது.

"ஆல்பின்! கையை..." என்று பாய்ந்து வந்தாள் ஒட்டிலியா. ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். "கையைக் குடுங்க."

பிடித்து இழுத்துவிட்டாள். சாகப்போகிறவனிடம்கூட யோசித்து மரியாதை தருகிறாளே என்று அவனுக்கு வலித்தது. அதற்குப் பிறகு அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். நான்காவது சிகரம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

ஐந்தாவது சிகரத்தில் இயக்குநரிடம் போனான். "விக்டோரின், நான் கோஷிட்சேக்குப் போறேன்."

"நீயா? விளையாட்டுக்குச் சொல்லலியே?"

"இல்லை."

பக்கத்துப் பாறையில் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த ஒட்டிலியாவின் கை நின்றது. அவள் நிமிரவில்லை. இறங்கும் வழி முழுக்க எல்லோருக்கும் முன்னால் போனாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஸ்வெரோவ்கா பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பலகையில் ஒரே ஓர் இடம் இருந்தது.

"ஐயா, நீங்க உட்காருங்க," என்றான் கமில்.

"பரவாயில்லை கமில், நீங்க உட்காருங்க. காலையிலேர்ந்து என் கை மேல ஏறி நின்னு களைச்சுப்போயிருப்பீங்க," என்றார் இயக்குநர். "ஆல்பின், திங்கட்கிழமை மறக்காம வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

"சரிங்க ஐயா."

இயக்குநரும் கமிலும் டிக்கெட் ஜன்னலைத் தேடிப் போனார்கள். ஆல்பின் நேர அட்டவணையைப் படிப்பதுபோல நின்றான். அதில் ஒரு எண்ணும் அவன் கண்ணில் பதியவில்லை.

"கோஷிட்சேக்கு நீ போய்த்தான் ஆகணுமா?"

ஆல்பின் திடுக்கிட்டு, அவள் யாரிடம் பேசுகிறாள் என்று சுற்றிலும் பார்த்தான். வேறு யாரும் இல்லை.

"உன்னைத்தான் கேக்கறேன்," என்றாள் ஒட்டிலியா. "மேல ஊருக்கெல்லாம் ஓசியில குடுத்ததையா உனக்கும் குடுப்பேன்?"