சேர்த்து வைத்த கால்

அச்சுப் படத்துக்காக ஒரு மரப்பலகையில் பட்டணத்துச் சிறுமி ஒருத்தியை உளி செதுக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கட்டிடங்கள் அவள்மேல் சாய்ந்து நின்றன.

"விளையாட இடமே விடலையே, உளி மாமா," என்றாள் சிறுமி.

"நெளியாதடி. காலைச் சேத்து வெச்சு நில்லு. படம் அழகா வரணும்ல."

பலகைக்கு மனசு கேட்கவில்லை. பள்ளமான இடம் தாளில் வெள்ளையாக விழும் என்று அதற்குத் தெரியும். மை தடவித் தாளை வைத்து அழுத்தியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு தானே விரிசல் விட்டது.

"அட பாவி, உன்னை இனி அடுப்புலதான் வைப்பாங்க!" என்றது உளி.

"வைக்கட்டும். பிள்ளை ஓடி விளையாடட்டும்."

தாளை உரித்தார்கள். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே வெள்ளையாய் ஒரு சந்து திறந்திருந்தது.

"ஓடு தாயி!" என்றது பலகை.

சிறுமி குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு காலையும் ஒண்ணா ஒட்டிச் செதுக்கிட்டாரே மாமா," என்றாள்.