இடப்பக்க மிரர்

மூன்று மாதத்தில் மூன்று உரசல், எல்லாமே காரின் இடப்பக்கத்தில். இன்னொரு தடவை உரசினால் சாவியை வாங்கிக்கொள்வேன் என்று மகள் ஷெரின் சொல்லிவிட்டாள். குற்றவாளி நானல்ல, சைடு மிரர்தான் என்று நிரூபிக்க ராஜபாளையத்தில் மெக்கானிக் ஹபீப்பிடம் போனேன்.

"மோட்டார் போச்சு தம்பி. மிரர் கோணிக்கிட்டு நிக்கி, ரோட்டையே காட்ட மாட்டேங்கு."

ஹபீப் சுவிட்சை அழுத்தினார். மிரர் சமர்த்தாக மேலும் கீழும் அசைந்தது. பிறகு முன்பிருந்த கோணத்திலேயே அதைத் திரும்ப வைத்தார்.

"மோட்டார், வயரு எல்லாம் நல்லாருக்கு சார். யாரு இப்படித் திருப்பி வச்சது?"

"யாரும் தொடல. பதினோரு வருசமா இப்படித்தான் இருக்கு."

"அப்போ இம்புட்டு நாளும் இடப்பக்கம் எப்படிப் பாத்தீங்க?"

"எப்படியோ பாத்தேன். ஒரு கீறல் உண்டா அப்போ?" என்றேன் பெருமையாக.

ஹபீப் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து மிரரைப் பார்த்தார். "இங்கன இருந்தா பின்னாடி ரோடு முழுசும் தெரியுதே சார். இதுல யாரு உக்காருவா?"

என் மனைவி ஹெப்சிபா. ஜனவரியில்தான் அடக்கம் செய்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வரும் வழியெல்லாம், "பஸ் வருது, பொறுங்க", "இப்ப இடப்பக்கம் ஒடிங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவாள்.

நானும் ஓயாமல் அதட்டுவேன்: "ஏட்டி, வண்டி ஓட்டுறது நீயா, நானா?"