ஆரோக்கியமான ரத்தம்

“பூஜ்யத்துக்குக் கீழ போகுமாம்மா ரத்தம்? தங்கத்தை ஒழுங்காப் பூசலை நீ.”

பேராசிரியர் ராமமூர்த்தி சோதனைப் பட்டையைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். தன் ரத்தத்துக்குக் கருவி பூஜ்யத்துக்குக் கீழே காட்ட, ஊசி குத்திய விரலைத் துடைத்தபடி நின்றாள் ஆய்வு மாணவி தேவிகா. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை அந்தப் பட்டையில் படியவைக்க அவளுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்திருந்தன.

“பட்டை சரியாத்தான் சார் இருக்கு.”

“அப்ப உன் ரத்தந்தான் கோளாறா?”

இதயம் பழுதானால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். பட்டையில் ஒரு சொட்டு விட்டால், புரதத்தின் அளவுக்குத் தக்கபடி மின்னோட்டம் மாறி, கருவியில் எண் ஏறும். பூஜ்யம் எது என்று கருவிக்குச் சொல்லித்தர மட்டும் நோயில்லாதவர் ரத்தம் வேண்டும். அன்று காலையில் அதற்கு யாரும் கை நீட்டவில்லை. வழக்கம்போல ஆய்வக உதவியாளர் தங்கப்பாண்டியைப் பிடித்திருந்தார்கள்.

“மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. இவனுக்கு என்ன கேடு?” என்றார் அப்போது ராமமூர்த்தி.

“எடுத்துக்கங்க சார். அம்புட்டையும் உறிஞ்சிராம, டீ குடிக்கக் கொஞ்சம் உசுரை விட்டு வைங்க” என்று சிரித்தார் தங்கப்பாண்டி.

பதினோரு மணிக்கு, கருவியைத் தயாரித்து விற்க முன்வந்த கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கூடவே டாக்டர் இந்துப்ரியா, மாரடைப்பு வந்த ஒருவரின் ரத்தத்தோடு. கருவி தேறினால் தேவிகாவுக்கு வேலை. தேறாவிட்டால் நான்கு ஆண்டும் மண்.

சொட்டு விழுந்தது. திரையில் பூஜ்யம்.

“நேத்து அட்டாக் வந்து ஐசியூல கெடக்கிற மனுசன். உங்க மிஷின் நல்லா இருக்காருங்குதே!” என்றார் டாக்டர். கம்பெனிக்காரர்கள் பையைத் தூக்கினார்கள்.

“மானத்தை வாங்கிட்டியே” என்று பல்லைக் கடித்தார் ராமமூர்த்தி.

தேவிகாவுக்கு அது காதில் ஏறவில்லை. பட்டை பொய் சொல்லவில்லை. மாரடைப்பு வந்தவர் ரத்தமும், காலையில் பூஜ்யம் என்று வைத்த ரத்தமும் ஒன்றுபோல இருக்கின்றன.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். காவலாளி சுருளி அலுப்போடு மாடியேறி வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, தங்கப்பாண்டி அண்ணன் எங்க?”

“அதைச் சொல்லத்தான் தாயி வாரேன். வந்தவங்களுக்குத் தண்ணி கேன் தூக்கிட்டு வந்தவன், ரெண்டாம் மாடிப் படியில உக்காந்துட்டான். எம்புட்டுத் தட்டியும் எந்திரிக்க மாட்டேங்குறான்.”