கட்டாத கப்பலுக்கு ஒரு கைதி

"தங்கச்சி புருஷன்ங்கிறதுக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க. சரக்கு தேறுமா, தேறாதா?"

அட்மிரல் சிகேய்ரா வரைபடத்தை மேசைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமலிருக்க நான்கு மூலைகளிலும் காபிக் கோப்பைகளை வைத்தார். 1909, டிசம்பர். ரியோ வெயிலில் காகிதம்கூட வியர்த்திருந்தது.

கப்பற்படையின் மூத்த வரைபடப் பொறியாளர் எவரிஸ்டோ நின்றபடியே குனிந்து பார்த்தார்.

அர்ஜென்டினா கட்டப்போவதாகச் சொல்லப்பட்ட போர்க்கப்பலின் வரைபடம் அது. புவெனஸ் ஐரிஸில் அதைத் திருடி, உப்புக்கண்டம் ஏற்றிய கப்பலில் ரியோவுக்கு அனுப்பிவைத்தவன் தியோடோரோ. எவரிஸ்டோவின் தங்கை கித்தேரியாவின் கணவன். அனுப்பிய மறுநாளே பிடிபட்டுவிட்டான்.

"உஷுவாயா ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்களாம்," என்றார் அட்மிரல். "தெற்குக் கோடி, பனி. இவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. அடுத்த குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான்."

"வேற வழியே இல்லையா ஐயா?"

"இருக்கு. அவங்க ஆள் ஒருத்தன் நம்ம கொட்டடியில இருக்கான். மாத்திக்கலாமான்னு கேட்டா உடனே ஒத்துக்குவாங்க. ஆனா மேலிடத்துக் கணக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். சரக்கு தேறினா அவன் நம்ம ஆள். தேறலைன்னா அவன் யாருன்னே நமக்குத் தெரியாது."

"நியாயமான கணக்குதான்."

பிரேசில் பன்னிரண்டு பீரங்கிகளோடு ஒரு கப்பல் வரைந்தால், அர்ஜென்டினா பதினான்கு போட்டு வரையும். உடனே பிரேசில் பழையதைக் கிழித்துவிட்டுப் பதினாறு வரையும். நடுவில் சிலியும் பென்சில் சீவிக்கொண்டிருந்தது. பாதிக் கப்பல்கள் மேசையை விட்டு இறங்கியதே இல்லை. இருந்தாலும், கடலில் தோற்றாலும் காகிதத்தில் தோற்கக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள்.

"எனக்கு என்னவோ நல்ல கப்பல் மாதிரித்தான் தெரியுது," என்றார் அட்மிரல். "பதினாலு பீரங்கியும் ஒரே பக்கமாச் சுடுது. நீங்க தேறும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே மொத்தக் குழுவையும் கூப்பிட்டு விரிச்சு வச்சிடறேன். எல்லாரும் உங்ககூடப் பத்து வருஷமா வரைஞ்சவங்கதானே, கோடு கோடாப் பார்க்கட்டும்."

எவரிஸ்டோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அளவுகோலைத் தொடவில்லை.

"குழுவெல்லாம் வேண்டாம் ஐயா. இது கவுந்துரும்."

"என்னது?"

"பதினாலையும் ஒரே பக்கம் சுட்டா கவுந்துரும். மேல்பாரம் ஜாஸ்தி. அவங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டதை யாரோ நம்ம ஆள் தலையில கட்டியிருக்காங்க."

"பார்த்த உடனே எப்படிய்யா சொல்றீங்க?"

"இத்தனை வருஷமா வேற என்னத்தைப் பார்த்தேன்?"

"நல்லா யோசிங்க. வெளியில உங்க தங்கச்சி உட்கார்ந்திருக்கு. காலையிலேர்ந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்கலையாம்."

"அவ காபி குடிச்சாளா இல்லையான்னு பார்த்தா ஐயா கப்பல் மிதக்கும்?"

அட்மிரல் மறுபடியும் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதைக் குழுவுக்குக் காட்டினா சிரிப்பாங்க," என்றார் எவரிஸ்டோ. "எரிச்சுடுங்க."

அட்மிரல் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வரைபடம் தட்டில் எரிந்து முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கதவைத் திறந்தார்கள்.

கித்தேரியா எழுந்தாள். அந்த வெயிலில் கணவனின் கம்பளிக் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். எப்படியும் யார் மூலமாவது அவனுக்கு அனுப்பிவிடலாம் என்று எடுத்து வந்திருந்தாள்.

"தேறுச்சாண்ணா?"

எவரிஸ்டோ இல்லையென்று தலையசைத்தார்.

"அவர் கண்டதையும் எடுக்கிற ஆள் இல்லையே. சரியாப் பார்த்தீங்களாண்ணா?"

"அம்மா," என்று அட்மிரல் குறுக்கிட்டார். "உங்க அண்ணன் மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. சொந்தமா நாடான்னு வந்தப்போ நாடுதான்னு நின்னுட்டார்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணுக்கும் உதவாத காகிதத்துக்கா அண்ணா அவர் உயிரை விடப்போறாரு?"

எவரிஸ்டோ அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி அழைத்துப் போனார்.

அவர் வாழ்நாளில் வரைந்த கப்பல்களிலேயே மிகச் சிறந்தது அதுதான். போன வருஷம் அர்ஜென்டினாக்காரர்கள் அவருக்குக் கொடுத்த விலையும் மோசமில்லை.